ஜெர்மனியில் நம்ம ஊர்ச் சாமான்: உளுந்து எங்கே, மாவு ஏன் புளிக்கவில்லை, பெட்டியில் எது வரலாம்?

வைகைக்கரை (கெம்னிட்ஸ்)

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபரில் முதுகலை படிக்க கெம்னிட்ஸ் வந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த சாம்பார்ப் பொடியும் பருப்புப் பொடியும் டப்பாவின் அடியைத் தொட்டுவிட்டன. இங்கே ஓர் இந்தியக் கடை உண்டு என்றார்கள். போய்ப் பார்த்தால் பாதி அலமாரி பாஸ்மதி, மீதி அலமாரியில் பட்டர் சிக்கன் பாட்டில். உளுந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. துவரம்பருப்பு விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். கறிவேப்பிலையைப் பற்றிக் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார்.

விடுதிச் சமையலறையில் நாலு பேருக்கு ஒரே மின்னடுப்பு. கார் கிடையாது, ரயில் பாஸ் இருக்கிறது. ஏப்ரலில் அப்பா அம்மா வருகிறார்கள், அவர்களிடம் எதையெல்லாம் கொண்டுவரச் சொல்லலாம் என்பதையும் சொல்லுங்கள். முக்கியமாக நெய்யும் கறிவேப்பிலையும்.

டியூசல் அக்கா (டியூசல்டோர்ஃப்)

தம்பி, இந்தியக் கடையைத் தேடி அலைவதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் தெருமுனையில் இருக்கும் சூப்பர்மார்க்கெட்டிலேயே பாதி மளிகை இருக்கிறது.

"ரோட்டெ லின்சன்" என்று போட்டிருப்பது மைசூர்ப் பருப்பு. குக்கர் வேண்டாம், கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். சாம்பாருக்குத் துவரம்பருப்பின் மணம் வராதுதான், ஆனால் வாரநாளில் யார் பார்க்கப் போகிறார்கள்? பால்சோறு செய்வதற்கென்று "மில்ஷ்ரைஸ்" என்ற குட்டை அரிசி விற்பார்கள். வெண்பொங்கலுக்கு அதைவிடத் தோதான அரிசியை நான் இங்கே பார்த்ததில்லை. ரவை வாங்கும்போது மட்டும் கவனம். "வைஷ்வைட்சன்" என்று தொடங்கினால் உப்புமா களியாகிவிடும். "ஹார்ட்வைட்சன்கிரீஸ்" எடுங்கள், உதிரியாக வரும்.

நெய்க்கு "புட்டர்ஷ்மால்ஸ்" என்று டப்பாவில் கிடைக்கும். அது உருக்கி வடித்த வெண்ணெய்தான், ஆனால் நிறம் மாறும்வரை காய்ச்சுவதில்லை என்பதால் நம் நெய் வாசனை வராது. உப்பில்லாத வெண்ணெய் வாங்கி, அடியில் படிவது பொன்னிறமாகிற வரைக்கும் நீங்களே உருக்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. தயிர் பெரும்பாலும் "மில்ட்" வகை, புளிக்கவே புளிக்காது. மோர்க்குழம்புக்குப் "புட்டர்மில்ஷ்" வாங்குங்கள், அதில் புளிப்பு இருக்கும்.

பழையசோறு (லைப்சிக்)

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவர் இருப்பது மேற்கில், அங்கே ரெண்டு தெரு தள்ளினால் துருக்கிக் கடை. 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது, அதனால் மளிகையும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. நம்ம கிழக்குப் பக்கக் கதையே வேறு. அப்போது கிழக்கு ஜெர்மனி 1980இல் வியட்நாமோடு ஒப்பந்தம் போட்டது. 1989 வாக்கில் ஏறத்தாழ 60,000 வியட்நாமியர்கள் இந்தப் பக்கத் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். உங்கள் ஊர் அப்போது கார்ல் மார்க்ஸ் ஸ்டட். பெர்லின் சுவர் விழுந்து ஆலைகள் மூடிய பிறகு, நாடு திரும்பாதவர்கள் பூக்கடை, துணிக்கடை, சாப்பாட்டுக்கடை, மளிகை என்று இறங்கினார்கள். அதனால் கெம்னிட்ஸ், டிரெஸ்டன், லைப்சிக் எங்கேயும் ஒரு வியட்நாம் கடை கட்டாயம் உண்டு. நமக்கு அதுதான் தாய் வீடு.

அங்கே என்ன கிடைக்கும்? தோல் நீக்கிய பாசிப்பருப்பு, அவர்கள் பசை அரிசியோடு வேகவைப்பதற்கு வாங்குவார்கள். கொட்டை நீக்கிய புளிக்கட்டி, அவர்கள் மீன் சூப்பில் போடுவது. உறைந்த தேங்காய்த் துருவல், உறைந்த வாழையிலை, பச்சை நிலக்கடலை, காரமான சின்னப் பச்சைமிளகாய், கட்டுக்கட்டாகக் கொத்தமல்லி. அரிசி மாவு தாய்லாந்திலிருந்து வரும், மூன்று தலை யானை படம் போட்ட பொட்டலம். நிறம் பார்த்து எடுங்கள். சிவப்பு எழுத்து சாதா அரிசி மாவு, பச்சை பசை அரிசி மாவு, நீலம் மரவள்ளி மாவு. சிவப்பில் இடியப்பமும் கொழுக்கட்டையும் அழகாக வரும். பச்சையில் இடியப்பம் பிழிந்த நண்பன் ஒருவன் அச்சையே தூக்கிப் போட்டான்.

இன்னொன்று, 2015க்குப் பிறகு வந்த சிரியா மக்களின் கடைகள். எங்கள் ஊரில் ஐசன்பான்ஷ்டிராசெ முழுக்க அதுதான். ஊறுகாய்க்கென்று அவர்கள் வாங்கும் உள்ளங்கை நீளக் கத்தரிக்காய் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கென்றே பிறந்தது. வெண்டைக்காய், கொண்டைக்கடலை, புல்குர் எல்லாம் உண்டு. புல்குர் வேறொன்றுமில்லை, வேகவைத்து உடைத்த கோதுமை. உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் ஆகும். ஆட்டுக்கறி எலும்போடு வெட்டித் தருவார்கள். சூப்பர்மார்க்கெட்டில் எலும்பில்லாத துண்டைப் பார்த்து ஏங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

உளுந்தும் துவரையும் மட்டும் இந்த ரெண்டு இடத்திலும் நம்பி வாங்க முடியாது.

கம்பங்கூழ் (மியூனிக்)

ஒன்று கேட்கலாமா? இவ்வளவு அலைச்சல் எதற்கு? படிக்க வந்த இடத்தில் இங்கே விளைவதைச் சாப்பிடுவதில் என்ன குறை? பல்கலைக்கழக உணவகத்தில் மதியம் சூடாகத் தட்டு நிறையக் கிடைக்கிறது. ஊரில் இருந்தபோது பீட்சா வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் எல்லாம் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கியதும் கறிவேப்பிலைக்கு அழுகிறார்கள். முருங்கைக்காய் விமானம் ஏறி 8,000 கிலோமீட்டர் வந்துதான் ஆக வேண்டுமா?

டியூசல் அக்கா

கம்பங்கூழ் அண்ணாச்சி, பெயரை மாற்றிவிட்டு வந்து இதைப் பேசுங்கள்.

பிள்ளை கேட்டது உளுந்து. நவம்பர் மாதம் நாலரை மணிக்கு இருட்டிவிடும் ஊரில் ஒருத்தன் ராத்திரி ரசஞ்சோறு சாப்பிட நினைப்பது அடம் இல்லை. நானும் ஜெர்மன் சாப்பாடு சாப்பிடுகிறேன், அவர்கள் பருப்பு சூப்பில் வினிகர் ஊற்றித் தருவது எனக்குப் பிடிக்கும். அதற்காக வாரம் ஏழு நாளும் ரொட்டியும் சீஸும் என்றால் வயிறு ஒத்துழைக்க வேண்டுமே.

வல்லைவெளி (டோர்ட்முண்ட்)

தம்பிமாரே, நாங்கள் 80களின் நடுவில வந்து இறங்கினபோது இந்தக் கதை ஒண்டும் கதைக்க ஏலாது. அகதி விண்ணப்பம் போட்ட ஆக்கள் ஒதுக்கின மாவட்டத்தை விட்டு வெளியில போகக்கூடாது எண்டு 1982இல் சட்டம் வந்திட்டுது. பக்கத்து நகரத்துக் கடைக்குப் போறதெண்டாலும் கடிதம் எடுக்க வேணும். பல முகாம்களில் காசு தராமல் சாப்பாட்டுப் பொதிதான் தந்தவை. பாண், தகரத்தில அடைச்ச மீன், சீஸ். எங்களுக்கு ஒரு செத்தல் மிளகாய் கிடைச்சால் அண்டைக்குப் பெருநாள்.

பிறகு எங்கட ஆக்களே வான் வண்டியில சாமான் ஏத்திக்கொண்டு முகாம் முகாமாக வரத் தொடங்கினவை. சனிக்கிழமை பின்னேரம் வான் வந்து நிண்டால் அரிசி, கறித்தூள், உழுந்து, கருவாடு, அதோட ஊர்ப் புதினமும் வரும். வேலை செய்ய அனுமதி கிடைச்ச பிறகு அந்த வான்காரரில் சிலர்தான் கடை போட்டவை. இண்டைக்கு டோர்ட்முண்ட், எஸ்ஸன், ஸ்டுட்கார்ட், பெர்லின் எல்லா இடத்திலும் தமிழ்க்கடை இருக்கிறதெண்டால் அப்பிடி வந்ததுதான். இந்தியாவில இருந்து வாற பிள்ளைகள் "ஸ்ரீலங்கன் கடை" எண்டு தள்ளி நிண்டு பாக்காமல் உள்ள போங்கோ. உழுந்து, துவரம்பருப்பு, இட்லி அரிசி எல்லாம் இருக்கு.

ரெண்டு விசயம் சொல்லுறன். கொழும்பில இருந்து விமானத்தில மரக்கறி வாற நாள் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொண்டு. கடைக்காரரிட்ட நாளைக் கேட்டு வைச்சிருந்து அண்டைக்குப் போனால் முருங்கைக்காய், கறிவேப்பிலை, வல்லாரை, பாவற்காய் புதுசாக் கிடைக்கும். மூண்டு நாள் கழிச்சுப் போனால் வாடினதுக்கும் அதே விலை. மற்றது, எங்கட கறித்தூள் வறுத்து இடிச்சது, மல்லி, மிளகு, பெருஞ்சீரகம் எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. அதை உங்கட மிளகாய்த்தூள் அளவுக்கு சாம்பாருக்குள்ள போட்டிட்டு "கறுத்துப் போச்சு" எண்டு எங்களைப் பேசாதேங்கோ. ஆட்டிறைச்சிக்குப் போட்டுப் பாருங்கோ.

கிழக்கில இருக்கிற பிள்ளைகள் தபாலில எடுக்கலாம். பல கடைகள் பார்சல் அனுப்பினம். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு வந்தால் ஆக்களையும் பாக்கலாம், சாப்பாட்டுக் கடையும் வரிசையா இருக்கும்.

வைகைக்கரை

வல்லைவெளி ஐயா, நீங்கள் எழுதியதை அறையில் இருக்கும் நண்பர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். மூன்று பேர் சேர்ந்து உளுந்து, துவரை, இட்லி அரிசிக்குத் தபாலில் ஆர்டர் போட்டாயிற்று. பார்சல் செலவைப் பங்கு போட்டால் இங்கே விற்கும் விலையைவிடக் குறைவுதான். பழையசோறு அண்ணா, வியட்நாம் கடையில் பாசிப்பருப்பும் புளியும் கிடைத்தன.

அடுத்த தலைவலி மாவு. ராத்திரி பதினொரு மணிக்கு அரைத்து ஹீட்டர் மேல் வைத்தேன். காலையில் பார்த்தால் அப்படியே சிமெண்டுக் குழம்பு. ஒரு குமிழ்கூட இல்லை.

மாவுக்காரி (யேனா, நுண்ணுயிரியல்)

ஹீட்டரை நம்பாதீர்கள். இங்கே பல கட்டடங்களில் ராத்திரியானால் மைய வெப்பத்தைக் குறைத்துவிடுவார்கள். பதினொரு மணிக்குக் கை சுடும் ஹீட்டர் ரெண்டு மணிக்குச் சில்லென்று இருக்கும். மாவுக்குக் கதகதப்பு வேண்டிய நேரமே அதுதான். காலையில் அரைத்து, பகல் முழுக்கப் புளிக்கவிட்டு, ராத்திரி இட்லி ஊற்றுங்கள். இதை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மாவைப் பொங்க வைப்பதில் முக்கியமான ஆள் லியூகோனாஸ்டாக் மீசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. அதுதான் புளிப்பையும் தருகிறது, கரியமில வாயுவையும் விடுகிறது. உளுந்தின் வழுவழுப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு எழும்புகிறது. இந்தப் பாக்டீரியா பருப்போடும் அரிசியோடும் கூடவே வருவதுதான், ஜெர்மன் காற்றில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். 28 முதல் 32 டிகிரி வரை அதற்குச் சுகம். 18 டிகிரி அறையில் ஒரேயடியாகச் செத்துவிடாது, சோம்பிக் கிடக்கும். 24 மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அதற்குள் நாம் பொறுமை இழந்துவிடுவோம்.

ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பழைய ஓவனில் பல்பு சூடாகும், சரியாக வரும். புது ஓவன்களில் எல்இடி விளக்கு. வெளிச்சம் வரும், சூடு வராது. அப்படியென்றால் கொதிநீர் ஊற்றிய ரப்பர்ப் பையை, மருந்துக் கடையில் "வேர்ம்ஃபிளாஷெ" என்று கிடைக்கும், பாத்திரத்தோடு சேர்த்துப் போர்வையில் சுற்றி ஓர் அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள். நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும்.

ஊறப்போடும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். வெந்தயம் ஒரு ஸ்பூன். பிளெண்டரில் அரைத்தால் மாவு சூடேறும், குளிர்காலத்தில் அது கேடில்லை, கோடையில்தான் ஐஸ் தண்ணீர் வேண்டும். பழைய புளித்த மாவு ஒரு கரண்டி கலந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். ஒருமுறை நன்றாகப் பொங்கிவிட்டால் அதில் ஒரு கரண்டியை எடுத்து ஃப்ரிட்ஜில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழையசோறு

அயோடின் உப்பு போட்டால் புளிக்காது, கையால் கலக்காவிட்டால் பொங்காது என்று என் அத்தை அடித்துச் சொல்கிறார்களே?

மாவுக்காரி

வீட்டில் நாம் போடும் அளவு உப்பில் இருக்கும் அயோடின் மாவைத் தடுத்து நிறுத்தும் என்று நான் நம்பவில்லை. சந்தேகம் என்றால் அயோடின் சேர்க்காத உப்பும் இங்கே எந்தக் கடையிலும் உண்டு, வாங்கிப் போட்டுவிட்டு அத்தையோடு சமாதானமாகப் போங்கள். கையால் கலப்பதில் ஒரு நன்மை என்னவோ உண்மை. கையின் சூடு மாவைக் கொஞ்சம் கதகதப்பாக்கும், மாவு ஜில்லென்று இருந்தால் கைக்கே தெரிந்துவிடும்.

சரக்குப்பெட்டி (ஃபிராங்ஃபர்ட்)

விமான சரக்குத் துறையில் வேலை பார்க்கிறேன். அப்பா அம்மா பெட்டி பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சி, பால் சேர்ந்த பொருள்களைக் கொண்டுவரக்கூடாது. கால்நடை நோய் பரவும் என்பதால் இந்த விதி. நெய்யும் பால் பொருள்தான். ரெண்டு கிலோ நெய்யைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்து, சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்து, பிடிபட்டு, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். இங்கேயே வெண்ணெயை உருக்குங்கள்.

கறிவேப்பிலையும் ஆகாது. 2019 டிசம்பர் 14 முதல் பச்சைக் காய், பழம், இலை, செடி, விதைக்கும் விதை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை. ஆக, தேங்காயும் வாழைப்பழமும் தாராளமாக வரலாம், ஒரு கொத்து கறிவேப்பிலை வரக்கூடாது. கீரை விதைப் பொட்டலமும் கூடாது. பொடித்த கறிவேப்பிலைப் பொடி, மசாலா, அப்பளம், வற்றல், வடகம், பருப்பு, அரிசி மாவு இதற்கெல்லாம் தடை இல்லை. தேன் 2 கிலோ வரை சரி.

கேட்டால் சிரிப்பீர்கள், மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. கருவாடு சட்டப்படி வரலாம். பக்கத்துப் பெட்டிக்காரர் சாபம் விடாமல் இருக்க மூன்று உறை போட்டுக் கட்டுவது உங்கள் பொறுப்பு. விமானத்தில் வருபவர் கொண்டுவரும் பொருள்களின் மொத்த மதிப்பு 430 யூரோவைத் தாண்டினால் வரி கேட்பார்கள்.

கடையில் கறிவேப்பிலை ஏன் தங்க விலை என்று கேட்பவர்களுக்கு: இந்தியக் கறிவேப்பிலையைப் பூச்சிமருந்து எச்சத்துக்காக எல்லையில் கூடுதலாகச் சோதிக்கிறார்கள். சான்றிதழ், ஆய்வுக்கூடச் செலவு, காத்திருக்கும் நேரத்தில் வாடிப்போவது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை. 2014 மே மாதம் பழ ஈ கண்டுபிடித்து இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேம்பு எல்லாவற்றையும் ஒன்றியமே நிறுத்திவைத்தது. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது. அந்த ஒரு கோடையில் இங்கே அல்போன்சா இல்லாமல் கடைக்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் தெரியும்.

டியூசல் அக்கா

கறிவேப்பிலை கிடைக்கிற அன்றைக்கு ரெண்டு மூன்று கட்டு சேர்த்து வாங்கிவிடுங்கள். கழுவி, துணியில் பரப்பி ஈரம் சுத்தமாகப் போகக் காயவிட்டு, காம்பிலிருந்து உருவி டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வையுங்கள். தாளிக்கும்போது உறைந்தபடியே எண்ணெயில் போட வேண்டும். வெளியே எடுத்து வைத்தால் கறுத்துத் துவண்டு மணமும் போய்விடும். ஈரம் இருந்தால் எண்ணெய் வெடிக்கும், மூடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

துபாய்க்காரன்

ஜெர்மனி இழையில் மூக்கை நுழைப்பதற்கு மன்னிக்கவும். ஊரிலிருந்து துபாய் வழியாகப் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்காதீர்கள். அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. குருமாவுக்கு என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். சவுதியிலும் அப்படித்தான்.

டியூசல் அக்கா

நல்ல வேளை சொன்னீர்கள். ஜெர்மனியில் கசகசா கேக்கே போடுகிறார்கள், "மோன்" என்று எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது நீலக் கறுப்பு, அரைத்துக் குருமாவில் விட்டால் சிமெண்டு நிறம். முந்திரி அரைத்துவிடுங்கள்.

டிகிரிகாப்பி (ஸ்டுட்கார்ட்)

காப்பியை ஒருவரும் பேசவில்லையே, நியாயமா?

இங்கே சூப்பர்மார்க்கெட்டில் விற்கும் பொடி பெரும்பாலும் அராபிகா, காகித வடிகட்டிக்கென்று கொஞ்சம் பெருவெட்டாக அரைத்தது. நம் பித்தளை ஃபில்டரில் போட்டால் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும், டிகாக்ஷன் டீ மாதிரி இருக்கும். ரோபஸ்டா கலந்த இத்தாலிய எஸ்பிரெஸோக் கொட்டையை வாங்கி, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் நைசாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். சிக்கரிக்குக் கவலையே வேண்டாம், அது இந்த ஊர்ச் சரக்கு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் 1781இல் தனியார் காப்பிக்கொட்டை வறுக்கக்கூடாது என்று தடை போட்டு, யார் வீட்டில் வறுபடுகிறது என்று மோப்பம் பிடிக்க ஓய்வுபெற்ற சிப்பாய்களைத் தெருவில் விட்டார். ஜனங்கள் சிக்கரி வேரை வறுத்துக் குடித்தார்கள். இன்றைக்கும் இயற்கைப் பொருள் கடைகளில் தனிச் சிக்கரிப் பொடி இருக்கும். நூறு கிராம் காப்பிக்கு இருபது கிராம் போதும்.

பால் "ஃபிரிஷெ ஃபோல்மில்ஷ்", 3.8 சதவீதம் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாத ஹாமில்ஷில் காப்பி போட்டால் காய்ச்சிய வாடை வரும். அதைக் குடித்துவிட்டு ஜெர்மனியில் காப்பி நன்றாக இல்லை என்று யாரும் எழுத வேண்டாம்.

லாச்சப்பல் (பாரிஸ்)

கொலோன், ஆகன் பக்கம் இருக்கிற ஆக்கள் ஒரு சனிக்கிழமை பாரிசுக்கு வாங்கோ. கார் து நோர் ரயில் நிலையத்தில இறங்கி நடக்கிற தூரத்தில லாச்சப்பல். ஃபோபூர் சான் தெனி தெரு முழுக்க எங்கட கடைதான்: மரக்கறிக் கடை, மீன் கடை, நகைக்கடை, புடவைக்கடை, கொத்துரொட்டி. ஒன்றியத்துக்குள்ள பயணம் எண்டபடியால் கறிவேப்பிலையைக் கட்டுக்கட்டாக் கொண்டு போகலாம், மேல சரக்குப்பெட்டி சொன்ன சான்றிதழ் ஒண்டும் தேவையில்லை. ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்தில மாணிக்க விநாயகர் தேர் வரும். அண்டைக்கு மட்டும் சாமான் வாங்க வராதேங்கோ, தெருவில கால் வைக்க ஏலாது, றோட்டு முழுக்க உடைச்ச தேங்காய்.

கம்பங்கூழ்

இவ்வளவு பேசியும் நான் சொன்னதை ஒருவரும் யோசிக்கவில்லை. சரி, வேறு மாதிரிச் சொல்கிறேன். பருப்பு ஊரிலிருந்து வரட்டும், அது காய்ந்த சாமான், கப்பலில் வரும். காய்க்கு ஏன் விமானம்?

கோல்ராபி என்று இங்கே வருஷம் முழுக்கக் குவிந்து கிடப்பது நம் நூல்கோல். ஊரில் கிடைப்பதைவிட இளசு, இலையோடு விற்பார்கள், அந்த இலையையும் பொரியல் செய்யலாம். பவேரியாவில் பீரோடு உப்புத் தூவித் தின்னும் ராடி, நம் வெள்ளை முள்ளங்கி. ஒரு முள்ளங்கி என் முழங்கை நீளம் இருக்கும், மூன்று நாள் சாம்பாருக்கு வரும். இலையுதிர் காலத்தில் ஹொக்கைடோ பூசணி, தோலைச் சீவ வேண்டாம், புளிக்குழம்புக்கு அப்படியே போடலாம். வெள்ளைக் கோஸ், பீட்ரூட், பசலை, சின்ன வெங்காயத்துக்குப் பதிலாக ஷலோட்டன். மே மாதம் ருபார்ப் தண்டு வரும், அதன் புளிப்பில் ஒரு பச்சடியும் ஊறுகாயும் போட்டுப் பாருங்கள், மாங்காயை மறந்துவிடுவீர்கள். இலையை மட்டும் வெட்டி எறிந்துவிட வேண்டும், அது விஷம்.

மியூனிக்கில் என் வீட்டில் முருங்கைக்காய் வந்ததே இல்லை. சாம்பார் இல்லாத நாளும் இல்லை.

டியூசல் அக்கா

அண்ணாச்சி, இதை முதல் நாளே எழுதியிருந்தால் சண்டையே வந்திருக்காது. ருபார்ப் ஊறுகாய்க்கு அளவு போடுங்கள்.

கம்பங்கூழ்

கால் கிலோ தண்டு, விரல் அகலத்துக்கு நறுக்கியது. நல்லெண்ணெய் நாலு கரண்டி, கடுகு, மிளகாய்த்தூள் ரெண்டு ஸ்பூன், வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை ஸ்பூன், பெருங்காயம், உப்பு, நகத்தளவு வெல்லம். எண்ணெய் சூட்டில் அடுப்பை அணைத்த பிறகு தண்டைப் போட்டுப் புரட்டுங்கள், அடுப்பில் வைத்தால் கூழாகிவிடும். ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் இருக்கும். நல்லெண்ணெய் என்றால் செக்கெண்ணெய் மாதிரி வறுக்காத எள் எண்ணெய். ஆசியக் கடையில் கரும்பழுப்பாகச் சின்னப் புட்டியில் விற்பது வறுத்த எள் எண்ணெய், அதில் தாளித்தால் ஊறுகாய் சீன உணவகம் மாதிரி மணக்கும்.

வைகைக்கரை

மாவுக்காரி அக்கா, காலையில் அரைத்து ரப்பர்ப் பையோடு பெட்டியில் வைத்தேன், பொங்கி வழிந்து பெட்டியே நனைந்துவிட்டது! ஆனால் அடுத்த வம்பு: மிளகாய் வற்றல் தாளித்ததும் புகை அலாரம் கத்த, மாடி முழுக்க ஆட்கள் எழுந்து வந்துவிட்டார்கள். வீட்டுப் பொறுப்பாளர் கடிதம் போட்டிருக்கிறார். அப்புறம், நண்பனின் பிளெண்டர் உளுந்துக்கு முனகுகிறது. ஊரிலிருந்து மிக்ஸியோ கிரைண்டரோ கொண்டுவந்தால் இங்கே ஓடுமா?

பழையசோறு

அலாரத்தின் மேல் பிளாஸ்டிக் உறை மாட்டுவது, பேட்டரியைக் கழற்றுவது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விடுதி அலாரம் சில இடங்களில் தீயணைப்புத் துறையோடு இணைந்திருக்கும், வண்டி வந்தால் பில் உங்களுக்கு. மின்னடுப்பை அணைத்தாலும் தட்டு சூடாகவே இருக்கும், அதனால் எண்ணெய் காய்ந்ததும் கரண்டியைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, கடுகு, வற்றல், கறிவேப்பிலை போட்டு உடனே மூடுங்கள். ஜன்னலை அதற்கு முன்னாலேயே முழுக்கத் திறந்திருக்க வேண்டும், குளிரைப் பார்த்தால் ஆகாது. ஞாயிறு காலையில் தாளிக்காதீர்கள். இந்த ஊரில் ஞாயிறு அமைதி கோயில் நடை சாத்திய நேரம் மாதிரி.

சரக்குப்பெட்டி

மிக்ஸி ஓடும். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்பார்மர் வேண்டாம். மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் மட்டும் வேண்டும். மலிவான அடாப்டரில் எர்த் இணைப்பே இருக்காது, அதைப் பார்த்து வாங்குங்கள். உலோக உடம்பு மிக்ஸி என்றால் எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. இல்லாவிட்டால் மின்வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஜெர்மன் பிளக்கையே மாட்டிவிடுங்கள்.

கிரைண்டர் வேண்டாம். கல்லோடு சேர்த்து ஒரு பெட்டியின் எடையில் பாதியை அதுவே தின்றுவிடும், அம்மா பொடி எதையும் வைக்க முடியாது. 750 வாட் மிக்ஸி ஒன்று, ஜார் மூன்று, இடையில் துணி சுற்றி. ஜார் மூடி ரப்பரும் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் கப்ளரும் கூடுதலாக ரெண்டு செட் வாங்கி வரச் சொல்லுங்கள். தேய்ந்து போகிறவை அவைதான், இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.